குழிகளின் எண்ணிக்கையா, எலக்ட்ரான்களின் கணக்கா? பாலிஎத்திலீனில் பாசிட்ரோனியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை 100 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்து, வெளிச்சம் புகாமல் மூடி, அதற்குள் பாசிட்ரான்களின் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்களின்) ஆயுளை மணிக்கணக்காக அளந்துகொண்டே இருந்தால், ஒரு எண் மெல்ல ஏறுகிறது. வெப்பநிலை அப்படியே இருக்கிறது. மாதிரியை யாரும் தொடவில்லை. ஆனாலும் அளவீட்டுக்கு அளவீடு அந்த எண் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நிலைக்கு வருகிறது. மாதிரியின் மேல் வெளிச்சத்தை விட்டால் சட்டென்று இறங்கிவிடுகிறது. விளக்கை அணைத்தால் மறுபடியும் ஏற்றம்.

அந்த எண்ணை ஆய்வகங்களில் ஐ-3 என்பார்கள். பாசிட்ரான் ஆயுள் நிறமாலையில் மூன்றாவது கூறின் செறிவு அது. உள்ளே போன பாசிட்ரான்களில் எத்தனை விழுக்காடு ஓர் எலக்ட்ரானோடு கட்டுண்டு, ஆர்த்தோ-பாசிட்ரோனியம் என்ற நீண்ட ஆயுள் இணையாக மாறின என்பதைச் சொல்கிறது. அதன் கூடவே டாவ்-3 என்று இன்னோர் எண்ணும் கிடைக்கும். அது அந்த ஆர்த்தோ-பாசிட்ரோனியம் எவ்வளவு நேரம் பிழைத்திருந்தது என்பதைச் சொல்லும். மேலே சொன்ன சோதனையில் ஐ-3 ஏறி இறங்கும்போது டாவ்-3 ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது.

இது ஏதோ ஒரு பிளாஸ்டிக்கின் வினோத குணம் என்று விட்டுவிட முடியாத நிலை இருந்தது. 1980களிலும் 90களிலும் பாலிமர் ஆய்வில் ஐ-3 என்றால் 'பொருளுக்குள் இருக்கும் வெற்றிடக் குழிகளின் எண்ணிக்கை' என்று பலரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசிப்பு சரியென்றால், உறைந்து கிடக்கும் பாலிமர் ஒன்று இருட்டில் புதுக் குழிகளை முளைக்க வைக்கிறது, வெளிச்சத்தில் அவற்றை மூடிக்கொள்கிறது என்றுதான் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு பாலிமர் கிடையாது. அப்படியானால் ஐ-3 உண்மையில் எதை எண்ணுகிறது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

பாசிட்ரோனியம் பற்றித் தேவையான அளவு

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒன்றையொன்று சுற்றிக் கட்டுண்டு நிற்கும் நிலைக்குப் பாசிட்ரோனியம் என்று பெயர். கரு இல்லாத அணு. ஹைட்ரஜனின் கட்டு ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட். இதற்கு அதில் சரிபாதி, 6.8. இப்படி ஒன்று இருக்கலாம் என்று குரோவேஷியரான ஸ்தெப்பான் மொஹொரோவிச்சிச் 1934-இல் எழுதினார். 1951-இல் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் டாய்ச் வாயுக்களில் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார்.

இரண்டு துகள்களின் சுழற்சியும் எதிரெதிராக இருந்தால் பாரா வகை. வெற்றிடத்தில் அதன் சராசரி ஆயுள் 125 பிகோ நொடி. இரண்டு காமாக் கதிர்களாக அழியும். சுழற்சிகள் ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ வகை. அது குறைந்தது மூன்று காமாக்களாக அழிந்தாக வேண்டும் என்பதால் 142 நானோ நொடி வரை தாக்குப்பிடிக்கிறது. உருவாகும்போது பாரா ஒரு பங்கு, ஆர்த்தோ மூன்று பங்கு.

பொருளுக்குள் ஆர்த்தோவுக்கு அந்த 142 நானோ நொடி கிடைப்பதில்லை. அதன் பாசிட்ரான், குழியின் சுவரில் இருக்கும் எதிர்ச் சுழற்சி எலக்ட்ரான் ஒன்றோடு சேர்ந்து அழிந்துவிடுகிறது. இதைப் 'பிக்-ஆஃப்' என்பார்கள். அதனால் பாலிமர்களில் ஆர்த்தோவின் ஆயுள் பெரும்பாலும் 1 முதல் 5 நானோ நொடிக்குள் நின்றுவிடும். குழி சிறிதானால் சுவரில் அடிக்கடி மோதும், சீக்கிரம் அழியும். பெரிதானால் கூடுதல் நேரம் பிழைக்கும். டாவ் (Tao), எல்ட்ரப் என்ற இரு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் சமன்பாடு இந்த உறவை எண்ணாக்கித் தருகிறது. 2 நானோ நொடி ஆயுள் என்றால் ஆரம் சுமார் 0.29 நானோமீட்டர். சமன்பாட்டில் குழியைக் கோளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், உண்மையில் அது கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்ற குறையைத் தாண்டி, இந்தப் பாதி நல்ல அடித்தளத்தில் நிற்கிறது. டாவ்-3 குழியின் அளவைச் சொல்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

ஐ-3 கதை வேறு.

அளவீட்டு மேசையில்

எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த வழக்கின் முதல் சாட்சியே அங்கேதான் இருக்கிறது. சோடியம்-22 கலந்த உப்புக் கரைசலில் ஒரு சொட்டை மெல்லிய தாளின் மேல் விட்டு உலர்த்துகிறார்கள். மேலே இன்னொரு தாளை வைத்து ஓரங்களை ஒட்டிவிடுகிறார்கள். இந்தச் சிறிய உறையின் இரண்டு பக்கமும் ஒரே பொருளின் இரண்டு துண்டுகளை வைத்து அழுத்திக் கட்டினால் மாதிரி தயார். துண்டுகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், வெளிவரும் பாசிட்ரான்கள் அநேகமாக எல்லாமே அதற்குள்ளேயே நின்றுவிடும்.

சோடியம்-22 பாசிட்ரானை உமிழ்ந்த சில பிகோ நொடிகளில் 1.274 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா ஒன்றும் வெளியே வரும். அது பிறப்புச் சான்றிதழ். பாசிட்ரான் அழியும்போது வரும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா இறப்புச் சான்றிதழ். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை சிண்டிலேட்டர் (காமா பட்டால் மின்னும் பொருள்) வைத்த இரண்டு உணர்கருவிகள் அளக்கும். பத்து லட்சம் நிகழ்வுகள் சேர்ந்ததும் கிடைக்கும் வளைவைக் கணினியில் மூன்று கூறுகளாகப் பிரிப்பார்கள்: பாரா, தனிப் பாசிட்ரான், ஆர்த்தோ. மூன்றாவதன் நீளம் டாவ்-3, பங்கு ஐ-3.

அந்த மெல்லிய தாள் பெரும்பாலும் காப்டன். சுமார் 7.5 மைக்ரான் தடிமனுள்ள பாலிஇமைடுப் படலம். ஏன் காப்டனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அது கதிர்வீச்சையும் வெப்பத்தையும் தாங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்குள் பாசிட்ரோனியம் உருவாவதே இல்லை. சுமார் 382 பிகோ நொடி என்ற ஒரே ஓர் ஆயுள்தான் கிடைக்கும். அதைக் கழித்துவிடுவது சுலபம்.

குழி இருந்தும் பாசிட்ரோனியம் இல்லை

ஐ-3 குழிகளின் எண்ணிக்கை என்றால், காப்டனில் குழியே இல்லை என்றாக வேண்டும். ஆனால் காப்டன் வழியாக ஹீலியம் ஊடுருவும். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். மூலக்கூறுகள் புகுந்து நகர இடமில்லாத பொருளில் இவை நடக்காது. குழிகள் இருக்கின்றன, பாசிட்ரோனியம்தான் இல்லை. அதன் சங்கிலியில் வரிசையாக இருக்கும் இமைடுத் தொகுதிகள் எலக்ட்ரானை இறுகப் பிடித்துக்கொள்வதால், பாசிட்ரானுக்குத் துணை கிடைப்பதில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

பாசிட்ரான் ஆயுளை அளக்கிற ஏராளமான ஆய்வகங்களில் மாதிரிக்கு நடுவிலேயே இந்தச் சாட்சி உட்கார்ந்திருந்தது. அப்படியிருந்தும் குழியின் கன அளவை ஐ-3ஆல் பெருக்கி 'கட்டற்ற வெற்றிடப் பின்னம்' என்று ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அதை வாயு ஊடுருவலோடும் பாலிமரின் முதுமையோடும் ஒப்பிட்ட கட்டுரைகள் நிறைய வந்தன. ஒரே பாலிமரை ஒரே நிலைமையில் வைத்து அளக்கும்போது அந்தப் பெருக்கல் பல நேரம் நியாயமான போக்கைக் காட்டவும் செய்தது. அதனால்தான் அந்தப் பழக்கம் அவ்வளவு நாள் நீடித்தது என்று நினைக்கிறேன். வேதியியலில் வேறுபட்ட இரண்டு பாலிமர்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் அது உடைகிறது. பாலிஸ்டைரீனில் ஐ-3 ஏறத்தாழ 40 விழுக்காடு வரை போகும். காப்டனில் பூஜ்யம். இந்த இடைவெளியைக் குழிக் கணக்கால் நிரப்பவே முடியாது.

பாசிட்ரோனியம் எங்கே, எப்போது உருவாகிறது

இதற்கு முதலில் வந்த விடை வாயுக்களுக்காக எழுதப்பட்டது. 1949-இல் ஓர் (Ore) என்ற பெயருடைய நார்வேக்காரர் சொன்னது: வேகம் குறைந்துகொண்டே வரும் பாசிட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். மூலக்கூறின் அயனியாக்க ஆற்றலில் 6.8-ஐப் பாசிட்ரோனியத்தின் கட்டு ஆற்றல் ஈடுகட்டும். மீதியைப் பாசிட்ரான் தன் வேகத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஆற்றல் மிகக் குறைவாக இருந்தால் பிடுங்க முடியாது. மிக அதிகமாக இருந்தால் பாசிட்ரோனியம் உடனே உடையும், அல்லது பாசிட்ரான் மூலக்கூறை அயனியாக்கிவிட்டுத் தன் வழியே போய்விடும். நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய பட்டைக்கு அவர் பெயராலேயே 'ஓர் இடைவெளி' (Ore gap) என்று பெயர்.

திரவத்திலும் திண்மத்திலும் இந்தப் படம் போதவில்லை. ஹைட்ரோகார்பன் திரவத்தில் கார்பன் டெட்ராகுளோரைடையோ நைட்ரோபென்சீனையோ சிறிதளவு கலந்தாலே பாசிட்ரோனிய விளைச்சல் சரிந்துவிடும். பாசிட்ரான் மூலக்கூறிலிருந்து நேரடியாக எலக்ட்ரானைப் பிடுங்குகிறது என்றால், ஆயிரத்தில் சில மூலக்கூறுகளாக இருக்கும் கலப்படத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது? இந்தக் கலப்படங்கள் எல்லாமே எலக்ட்ரானைப் பிடிப்பதில் பேர்போனவை. அதாவது, மூலக்கூறை விட்டு ஏற்கெனவே வெளியே வந்து அலைந்துகொண்டிருந்த எலக்ட்ரானை அவை கவ்விக்கொள்கின்றன.

டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் இருந்த ஓலே மோகன்சன் 1974-இல் முன்வைத்த 'ஸ்பர்' மாதிரி இதிலிருந்துதான் பிறந்தது. பாசிட்ரான் தன் பயணத்தின் கடைசித் துளி தூரத்தில் சுற்றியிருக்கும் மூலக்கூறுகளை அயனியாக்கி, தளர்ந்த எலக்ட்ரான்களும் நேர் அயனிகளும் நிறைந்த ஒரு சிறு கூட்டத்தை உண்டாக்குகிறது. பாசிட்ரானும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே, அல்லது மிக அருகிலேயே நிற்கிறது. தான் தளர்த்திவிட்ட எலக்ட்ரான்களில் ஒன்றோடு அது சேர்ந்தால் பாசிட்ரோனியம். மாஸ்கோவில் ஸ்தெபானோவும் பியாகோவும் இதை வளர்த்தெடுத்து 'பிளாப்' மாதிரியாக்கினார்கள்: சுமார் 4 நானோமீட்டர் ஆரமுள்ள பகுதியில் முப்பது அயனி–எலக்ட்ரான் இணைகள், ஏறக்குறைய 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்.

அந்தச் சில பிகோ நொடிகளில் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் பல வழிகள் திறந்திருக்கின்றன. தன் தாய் அயனியிடமே திரும்பலாம். வேறொரு மூலக்கூறில் ஒட்டிக்கொள்ளலாம். கூட்டத்தை விட்டே தப்பி ஓடலாம். பாசிட்ரானோடு சேர்வது இத்தனை வழிகளில் ஒன்று மட்டுமே. ஐ-3 என்பது இந்தப் போட்டியின் முடிவு. குழி இருந்தால் உருவான பாசிட்ரோனியம் தங்க இடம் கிடைக்கும், அது அவசியம்தான். ஆனால் எத்தனை உருவாகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கதிர்வீச்சு வேதியியல்.

மின்புலத்தை வைத்தும் இதைச் சோதிக்கலாம். எலக்ட்ரானும் பாசிட்ரானும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை. புலம் அவற்றை வேறு வேறு திசைக்கு இழுக்கும். ஸ்பரில் இரண்டும் தனித்தனியாக இருந்து பிறகு சேர்கின்றன என்றால் வலுவான புலத்தில் விளைச்சல் குறைய வேண்டும். பல பொருள்களில் அப்படியே குறைகிறது.

இருட்டில் ஏறும் எண்

இனி குளிர்ந்த பாலிஎத்திலீனுக்கு வருவோம். முதலில் எல்லோருக்கும் தோன்றிய விளக்கம் கட்டமைப்பைப் பற்றியது. பாலிமர் சங்கிலிகள் குளிரில் மெல்ல மெல்ல இடம் மாறிப் படிகின்றன, அதனால் குழிகளின் எண்ணிக்கை நேரத்தோடு மாறுகிறது என்றார்கள். அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இதைக் கொஞ்சமாவது நம்பலாம். 100 கெல்வினுக்குக் கீழே பாலிஎத்திலீன் சங்கிலிகளுக்கு அவ்வளவு அசைவு கிடையாது. அப்படியே இருந்தாலும், குழிகள் மாறும்போது அளவு மட்டும் மாறாமல் எண்ணிக்கை மட்டும் கூடுவானேன்?

விடை கிடைத்த இடம் கதிர்வீச்சு வேதியியல். காமாக் கதிர் பட்ட பாலிஎத்திலீனைக் குளிரிலேயே வைத்திருந்தால் அதற்குள் எலக்ட்ரான்கள் சிறைப்பட்டு நிற்கும் என்பது எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு அளவீடுகளிலிருந்து அத்துறையினருக்கு ஏற்கெனவே தெரியும். மூலக்கூறுகளுக்கு நடுவே ஆழம் குறைந்த பொறிகள் இருக்கின்றன. தளர்ந்த எலக்ட்ரான் அதில் விழுந்தால், குளிரில் மேலே ஏறி வர அதற்குப் போதிய வெப்ப ஆற்றல் இல்லை. வெளிச்சம் பட்டால் மட்டும் விடுதலை.

இதைப் பாசிட்ரான் சோதனையோடு சேர்த்துப் பாருங்கள். சோடியம்-22 மூலம் அளக்கும் கருவியின் பாகம் மட்டுமல்ல, கதிர்வீச்சு மூலமும்தான். நிற்கும் முன் ஒவ்வொரு பாசிட்ரானும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களைத் தளர்த்துகிறது. பெரும்பாலானவை உடனே அயனிகளோடு சேர்ந்துவிடும். ஒரு சிறு பங்கு பொறிகளில் சிக்கும். நொடிக்கு லட்சக்கணக்கில் பாசிட்ரான்கள் மணிக்கணக்காக வந்துகொண்டிருந்தால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் குவிகின்றன. புதிதாக வரும் பாசிட்ரான் தன் சொந்த ஸ்பரில் துணை கிடைக்காமல் தப்பினாலும், போகிற வழியில் முந்தைய பாசிட்ரான்கள் விட்டுச்சென்ற எலக்ட்ரான் ஒன்றைச் சந்திக்கலாம்.

சிறைப்பட்ட எலக்ட்ரானை வேகமெல்லாம் தணிந்த பாசிட்ரானால் பிடுங்க முடியுமா? கணக்கு எளிது. பொறியின் ஆழம் சுமார் 0.5 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட். பாசிட்ரோனியத்தின் கட்டு ஆற்றல் வெற்றிடத்தில் 6.8, பொருளுக்குள் அது குறையும் என்றாலும் பொறியின் ஆழத்தைத் தாண்டப் போதும். மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க இதே தணிந்த பாசிட்ரானால் முடியாது. அங்கே அயனியாக்க ஆற்றல் மிக அதிகம். ஆகப் பொறி ஆழம் குறைவாக இருப்பதுதான் இங்கே சாவி. எலக்ட்ரானை ஓடவிடாமல் நிறுத்தும் அளவுக்கு ஆழம் இருக்கிறது, பாசிட்ரான் கேட்டால் கொடுக்காத அளவுக்கு ஆழம் இல்லை.

இந்தக் கருத்திலிருந்து சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. ஐ-3 நேரத்தோடு ஏறி, பிறகு நிலைக்கு வர வேண்டும். சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கூடக்கூட அவை அயனிகளோடு சேர்ந்து அழிவதும் கூடும். குழியின் அளவு மாறாததால் டாவ்-3 மாற வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு போட்டானில் சுமார் 1.6 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. பொறியைக் காலி செய்ய அது போதும், எனவே வெளிச்சத்தில் ஐ-3 இறங்க வேண்டும். மாதிரியைச் சூடாக்கினால், மூலக்கூறுகளின் அசைவு தொடங்கும் வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் தாமாகவே விடுபட்டு, கூடுதல் ஐ-3 மறைய வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிலும் ஸ்காண்டிநேவியாவிலும் நடந்த சோதனைகளில் இவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பாலிஎத்திலீனில் மட்டுமல்ல, பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டிலும், அதாவது அக்ரிலிக் கண்ணாடியிலும். 2000-இல் ஹிராடே, மௌரர், எல்ட்ரப் மூவரும் குறைந்த வெப்பநிலையில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களின் பங்கைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம். விளக்கைப் போட்டு அணைப்பது போன்ற எளிய செயல், பல ஆண்டுகளாக நடந்த விவாதத்தை அவ்வளவு தெளிவாகப் பிரித்துவிட்டது.

கட்டமைப்பு விளக்கம் இதில் எங்கே தோற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் மாதிரியைச் சற்றுச் சூடாக்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். சூடாகியிருந்தால் டாவ்-3 முதலில் அசைந்திருக்கும். பாலிமரில் வெப்பநிலையை நன்றாகவே காட்டிக்கொடுக்கும் எண் அது. அது அசையவில்லை.

தாமதமாகப் பிறந்த பாசிட்ரோனியம்

இன்னொரு சான்று நேரத்தைப் பற்றியது. ஸ்பரில் உருவாகும் பாசிட்ரோனியம் சில பிகோ நொடிகளில் உருவாகிவிடும். சிறைப்பட்ட எலக்ட்ரானைத் தேடிப் பிடிப்பதென்றால் பாசிட்ரான் பரவி அலைய வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான பிகோ நொடிகள் ஆகலாம். அப்படியானால் குளிர்ந்த பாலிமரில், இருட்டில், தாமதமாகப் பிறக்கும் பாசிட்ரோனியம் தெரிய வேண்டும்.

இதைப் பார்க்க வழி உண்டு. பாரா-பாசிட்ரோனியம் தானே அழியும்போது அதன் உந்தம் மிகக் குறைவு. 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு ஒடுக்கமாக இருக்கும். எனவே அழிவு நடந்த நேரத்தையும் கோட்டின் அகலத்தையும் ஒரே நிகழ்வில் சேர்த்து அளந்தால், ஒடுக்கமான பகுதி எந்த நேரம் வரை வருகிறது என்று தெரியும். எல்லாப் பாசிட்ரோனியமும் தொடக்கத்திலேயே உருவாகியிருந்தால், 125 பிகோ நொடி ஆயுள் கொண்ட பாரா சீக்கிரமே தீர்ந்துவிட வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஜப்பானியக் குழு ஒன்று ஆயுள்–உந்தம் இணைப்பு முறையில் இப்படி அளந்து, சிறைப்பட்ட எலக்ட்ரான்களோடு தனிப் பாசிட்ரான்கள் சேர்வதால் வரும் தாமத உருவாக்கத்தைக் காட்டியது. வெளிச்சச் சோதனை 'எது காரணம்' என்று சொன்னது. இது 'எப்போது' என்பதையும் சொல்லிவிட்டது.

அறை வெப்பநிலையில் எதிர்த்திசை

குளிரில் ஏறும் அதே ஐ-3, அறை வெப்பநிலையில் சில பாலிமர்களில் நாள்கணக்கில் இறங்குகிறது. பாலிகார்பனேட்டில் இது நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. இதையும் முதலில் 'முதுமையடையும் பாலிமரில் குழிகள் குறைகின்றன' என்று படித்தவர்கள் உண்டு. காரணம் பெருமளவு மூலம்தான் என்று பிறகு தெரிந்தது. அறை வெப்பநிலையில் ஆழமற்ற பொறிகளில் எலக்ட்ரான்கள் தங்காது. அதற்குப் பதிலாகக் கதிர்வீச்சால் உண்டாகும் தனியுறுப்புகளும் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுத் துண்டுகளும்) எலக்ட்ரான் நாட்டம் கொண்ட பிற விளைபொருள்களும் குவிகின்றன. அவை ஸ்பரில் எலக்ட்ரான்களைக் கவ்விக்கொள்கின்றன, பாசிட்ரோனியம் குறைகிறது. ஒரே கதிர்வீச்சு குளிரில் எலக்ட்ரானைச் சேமித்து வைத்து விளைச்சலைக் கூட்டுகிறது, வெதுவெதுப்பில் போட்டியாளர்களை உண்டாக்கி விளைச்சலைக் குறைக்கிறது. எலக்ட்ரானை எவ்வளவு ஆழமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

மற்ற காரணிகள், சுருக்கமாக

உலோகங்களுக்குள் பாசிட்ரோனியம் உருவாவதில்லை. கட்டற்ற எலக்ட்ரான் கடல் பாசிட்ரானைச் சூழ்ந்து மறைத்துவிடுவதால் தனி இணை நிலைக்காது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகளாகப் பாசிட்ரான்களை வைத்து உலோகங்களிலும் கலவைகளிலும் உள்ள அணுக்குறைகளை ஆராய்கிறார்கள். அங்கே பேசப்படும் ஆயுள்கள் நூறு முதல் சில நூறு பிகோ நொடிகள்தான். உலோகத்தின் மேற்பரப்பில் மட்டும் கதை மாறும். அங்கே பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு வெளியே வந்து வெற்றிடத்தில் பாசிட்ரோனியமாக நிற்க முடியும்.

நுண்துளைகள் கொண்ட சிலிக்காவில் பாசிட்ரோனியம் நன்றாக உருவாகி, திண்மப் பகுதியிலிருந்து துளைகளுக்குள் பரவி வந்து, பத்துக் கணக்கான நானோ நொடிகள் வாழும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்து மேற்பரப்பில் திறந்திருந்தால் வெளியே தப்பியே போய்விடும்.

ஆக்சிஜனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். கரைந்திருக்கும் ஆக்சிஜன் முக்கியமாக ஏற்கெனவே உருவான ஆர்த்தோவைத்தான் தாக்குகிறது. அதன் இணையற்ற எலக்ட்ரான்கள் ஆர்த்தோவைப் பாராவாக மாற்றிவிடும், ஆயுள் சுருங்கும். டாய்ச் 1951-இல் வாயுவில் நைட்ரிக் ஆக்சைடைச் சேர்த்தபோது நடந்ததும் இதே வகை மாற்றம். உருவாவதைத் தடுப்பது ஒன்று, உருவானதை அணைப்பது இன்னொன்று. முன்னது ஐ-3இல் தெரியும், பின்னது டாவ்-3இல் தெரியும். நீரில் நைட்ரேட் அயனி எலக்ட்ரானைப் பிடித்து உருவாவதைத் தடுக்கிறது. ஆக்சிஜன் ஆயுளைக் குறைக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால் அப்புறம் எந்தத் தரவும் புரியாது.

காந்தப்புலம் ஆர்த்தோவின் மூன்று நிலைகளில் ஒன்றைப் பாராவோடு கலக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆயுளின் பக்கத்து விஷயம்தான்.

உடலுக்குள்

இந்த வழக்கு பாலிமரோடு முடிந்துவிடவில்லை. மருத்துவமனைகளில் பாசிட்ரான்களை வைத்து எடுக்கும் பெட் (PET) ஸ்கேனிலும் உடலுக்குள் போகும் பாசிட்ரான்களில் கணிசமான பங்கு அழிவதற்கு முன் பாசிட்ரோனியமாகிறது. போலந்தின் கிராகோவ் நகரில் யாகியெலோனியன் பல்கலைக்கழகத்தில் உருவான ஜே-பெட் கருவி 2021-இல் பாசிட்ரோனியத்தின் ஆயுளையே படமாக்கிக் காட்டியது. 2024-இல் மனித மூளையில் எடுத்த படமும் வெளிவந்தது. திசுவில் ஆர்த்தோவின் ஆயுள் 2 நானோ நொடியை ஒட்டி இருக்கும். அவர்கள் ஆயுளைத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. திசுவில் நீர், கொழுப்பு, புரதம், கரைந்த ஆக்சிஜன், அயனிகள் எல்லாம் கலந்திருக்கின்றன. விளைச்சலில் தெரியும் வேறுபாடு கட்டமைப்பிலிருந்து வந்ததா, எலக்ட்ரானுக்கான போட்டியிலிருந்து வந்ததா என்று பிரிப்பது பாலிஎத்திலீனில் இருந்ததைவிடப் பன்மடங்கு கடினம்.

பழைய வரைபடம் கைக்கு வந்தால்

பாலிமர் ஒன்றைக் குளிர்வித்து, பிறகு சூடாக்கி, ஐ-3ஐ வெப்பநிலைக்கு எதிராக வரைந்த படங்கள் பழைய இதழ்களில் ஏராளம். குளிர்விக்கும்போது வரும் வளைவும் சூடாக்கும்போது வரும் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஒரு கண்ணி போல விரிந்திருப்பதைப் பல படங்களில் காணலாம். அத்தகைய படத்தைப் பார்த்தால் முதலில் டாவ்-3 வளைவைத் தேடுங்கள். அது போகும்போதும் வரும்போதும் ஒரே பாதையில் இருந்து, ஐ-3 மட்டும் கண்ணியாக விரிந்தால், அந்த விரிவுக்குள் இருப்பது அநேகமாகக் குளிரில் சேர்ந்த எலக்ட்ரான்கள்தான். அடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு நேரம் அளந்தார்கள், மூலத்தின் வீரியம் என்ன, மாதிரி இருட்டில் இருந்ததா என்று பாருங்கள். குளிர்கலன் உலோகத்தால் ஆனது. ஜன்னல் வைத்தது என்று எழுதியிருந்தால் ஒழிய உள்ளே இருட்டுதான்.

இந்த விவரங்கள் இருந்தால் பழைய தரவையும் இன்றைக்கு மறுபடி படிக்கலாம். மூலத்தின் வீரியத்தையும் அளந்த நேரத்தையும் பெருக்கினால் மாதிரி வாங்கிய கதிர்வீச்சின் மதிப்பு கிடைக்கும். ஐ-3 வெப்பநிலையோடு போகிறதா, இந்தப் பெருக்கலோடு போகிறதா என்று ஒப்பிட்டால் போதும். புதிதாக அளப்பவருக்கு இன்னும் எளிது. கலனில் ஒரு சின்ன ஜன்னல், வெளியே ஒரு விளக்கு, மிகக் குறைந்த வெப்பநிலையில் விளக்குடன் ஒரு தடவை, விளக்கில்லாமல் ஒரு தடவை. இரண்டு ஐ-3 மதிப்புகளும் ஒன்றாக இருந்தால் பொறிகளில் எலக்ட்ரான் குவியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வேறாக இருந்தால், அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகுதான் கட்டமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.